பின்கேட்டுக்கு ஒரு சிறப்பு விருந்தினர்

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் இருநூறு பேர் பதினொரு நிமிடம் எழுந்து நின்றார்கள். காலமான ஒரு பேராசிரியருக்காக ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தவர், அந்த ஒரு நிமிடத்துக்குள் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடி வெளியே போய்விட்டார். உட்காரலாம் என்று சொல்ல ஆள் இல்லை. முதலில் உட்காருகிறவனுக்கு மரியாதை தெரியாது என்று ஆகிவிடுமே என்ற பயத்தில் எவரும் உட்காரவில்லை. முன்வரிசையில் இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. அப்போது அக்கா நாற்காலி எண்ணும் தற்காலிக ஊழியர். அவர்தான் மேடையேறி மைக்கைப் பிடித்து, "நன்றி, எல்லாரும் உக்காருங்க" என்றார். அடுத்த மாதமே அவரை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள்.

அந்த மைக் என்னுடையது. இருபத்துநாலு வருஷமாக அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நான்தான் மைக்செட். எனக்கு அந்த இடத்தின் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. என் ஸ்பீக்கர் இரண்டை மழையில் நனையவிட்டுவிட்டு, ஸ்பீக்கர் ஏன் நனைந்தது என்று என்னிடமே விளக்கக் கடிதம் வாங்கிய இடம் அது. ஆனால் அக்காவின் மேல் மரியாதை உண்டு. கொஞ்சம் பயமும் உண்டு.

நிகழ்ச்சி மேலாளர் என்பது அவர் பதவி. 'நிரல் அக்கா' என்பது நாங்கள் வைத்த பெயர். எந்த விழாவாக இருந்தாலும் நிமிஷக்கணக்கில் ஒரு நிரல் போட்டுவிடுவார். 10.31 வரவேற்பு, 10.36 சிரிப்பு வரவழைக்கும் செய்தி, 10.37 சிரிப்பு. அவர் விழாக்களில் 10.37க்குச் சிரிப்பு வராமல் போனதை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் நாலாவது வரிசையில் அலுவலக ஆட்கள் ஆறு பேரை அதற்கென்றே உட்காரவைத்திருப்பார். வழவழவென்று பேசிக்கொண்டே போகிறவர்களை நிறுத்த அவரிடம் ஒரு வழி இருந்தது. பேச்சின் நடுவிலேயே பூங்கொத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். பூங்கொத்து கைக்கு வந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட பேச்சாளருக்கும் வாய் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, பேசி முடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து இறங்கிவிடுவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். பல்கலைக்கழகத்தின் பின்மதிலை ஒட்டிய தெருவில் அவரும் அவர் தங்கையும் குடியிருந்தார்கள். அறுபது வீடுகள் உள்ள அந்தத் தெருவின் நலச்சங்கத்துக்கு அக்காதான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் நடக்கும். நிரலைச் சுவரில் ஒட்டியிருப்பார். 4.05 வரவேற்பு, 4.07 புலம்பல், 4.37 புலம்பல் நிறைவு, 4.38 தீர்மானம். 4.38க்குப் பிறகு எவராவது தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்தால், "நிரல்ல அது முடிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் புலம்புங்க" என்று வாயை அடைத்துவிடுவார்.

புலம்பலில் முக்கால்வாசி பின்கேட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒன்பது வருஷம் முன்னால் பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் பொதுமக்களுக்கான பிசியோதெரபி நிலையம் ஒன்றைக் கட்டியது. கூடவே பின்மதிலில் ஒரு சின்ன இரும்புக் கேட்டும் வைத்தது. தெருவிலிருந்து கேட் வழியாக நிலையத்துக்கு நாற்பது அடி. ஆனால் கேட் பூட்டியே கிடந்தது. சுற்றிக்கொண்டு பெரிய கேட் வழியாகப் போனால் இரண்டு கிலோமீட்டர், அதுவும் நடைபாதை தோண்டிப்போட்ட சாலை.

கேட் ஏன் திறக்கப்படவில்லை என்றால், அதற்குத் திறப்பு விழா நடக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தக் கட்டுமானத்தையும் வெளியிலிருந்து வரும் ஒரு பெரிய மனிதர் திறந்துவைத்த பிறகுதான் உபயோகிக்க வேண்டும் என்று விதி. கழிப்பறை வரிசையைக்கூட ஒரு விண்வெளி விஞ்ஞானி வந்து திறந்தார். அது வரை வாசலில் காவல் போட்டிருந்தார்கள், அந்த மூன்று மாதம் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தக் கேட் ரொம்பச் சின்னது. சின்னக் கேட்டைத் திறக்கப் பெரிய மனிதர் எவரும் வரமாட்டேன் என்றார்கள். சாதாரண மனிதரைக் கூப்பிடப் பதிவாளர் சம்மதிக்கவில்லை. அவர்தான் நிர்வாகத்தில் எல்லாக் காகிதத்துக்கும் முதலாளி. இப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

சங்கச் செயலாளர் என்ற முறையில் அக்கா பதிவாளருக்கு மனு போடுவார். பதிவாளர் அதில் 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதி, திறப்பு விழா சம்பந்தப்பட்டது என்பதால் நிகழ்ச்சி மேலாளருக்கு அனுப்புவார். அதாவது அக்காவுக்கே. அக்கா அதைப் படித்து, கோப்பில் சேர்த்து, 'சிறப்பு விருந்தினர் இன்னும் முடிவாகவில்லை' என்று சங்கச் செயலாளருக்குப் பதில் எழுதுவார். அலுவலகக் காகிதத்தைக் கையில் வீட்டுக்குக் கொண்டுபோவது தவறு என்பதால் தபாலில்தான் போடுவார். நாலு நாள் கழித்துத் தபால்காரர் வீட்டில் கொடுப்பார். ஒரு தரம், இணைப்பு எண் இரண்டு இல்லை என்று தன் மனுவைத் தானே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஒரு நாள், சங்கக் கூட்டத்துக்குக் கொடுத்திருந்த ஸ்பீக்கர் ஒயரைத் திரும்ப வாங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தபாலைப் பிரித்து வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க தம்பி, என்ன திமிரு! ரெண்டு பக்கம் மனு எழுதினா ஒரே வரியில பதில் போட்டிருக்காங்க."

"யாரு அக்கா போட்டது?"

"நான்தான். யாரு போட்டா என்ன? திமிரு திமிருதானே?"

அந்த மாதிரிப் பதில்கள் முப்பத்தொன்று சேர்ந்திருந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை.

அக்காவின் தங்கை தையல்காரி. அக்காவைவிட எட்டு வயது சின்னவள், எனக்கும் தங்கை மாதிரிதான். கால்மிதித் தையல் மெஷின்தான் அவள் உலகம். பட்டமளிப்பு விழாவுக்கு மேடையின் பின்திரையை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். திரையின் ஓரம் ஒரு விரற்கடை தூக்கி நிற்கிறது என்று அக்கா சொல்ல, அதைச் சரிசெய்ய நாற்காலி மேல் ஏறினாள். அந்த நாற்காலி உடைந்த நாற்காலி. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக அக்கா அதைக் கணக்கில் வைத்திருந்தார். தங்கை விழுந்தாள், முழங்கால் உடைந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு முழங்கால் ஐம்பது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை.

மெஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொண்ணூறு வேண்டும். "மூணு மாசத்துக்குள்ள தினமும் மேஜையில படுக்கவச்சு மடக்கணும். விட்டா ஆயுசுக்கும் இப்படியேதான்" என்று அந்த நிலையத்தின் பிசியோதெரபிக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு கிலோமீட்டர் நடக்க அவளால் முடியாது. ஆட்டோவில் இரண்டு நாள் போனாள். பள்ளத்தில் தூக்கிப் போட்டுப் போட்டு முழங்கால் வீங்கிப்போனது. அறுவை செய்த டாக்டர் ஆட்டோ கூடவே கூடாது என்றுவிட்டார். பணி நேரத்தில் பிசியோதெரபிக்காரர் வளாகத்தைத் தாண்டி வெளியே வரக்கூடாது என்று விதி. மாலையில் அவருக்கு ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு வேலை.

அவர் நல்ல மனிதர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்கேட்டுக்கு உள்ளே வந்து நிற்பார். தங்கை வெளியே தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். "ஒண்ணு, காலைத் தூக்குங்க. ரெண்டு, மெல்ல இறக்குங்க" என்று கம்பிக்கு உள்ளேயிருந்து கத்துவார். கம்பிகளுக்கு நடுவே நாலு விரல்தான் நுழையும். கையை விட்டு முழங்காலை மடக்க வழியில்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவே வந்து கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர், டீக்கடைக்காரர், சங்கப் பொருளாளர் எல்லோரும் நாற்காலியோடு வந்து உட்கார்ந்து காலைத் தூக்கினார்கள். டீக்கடைக்காரரின் பத்து வருஷ முதுகுவலி போயே போய்விட்டது. பெரியவர் கைத்தடியை மூலையில் போட்டுவிட்டார். ஐந்து வாரத்தில் தெருவில் எல்லோருக்கும் குணமாயிற்று, தங்கையைத் தவிர. அவளுக்குப் பயிற்சி போதாது, கையும் மேஜையும் வேண்டும். முழங்கால் ஐம்பதிலேயே நின்றது.

அப்போது அக்கா ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. 'மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணியுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று ஆணை வந்துவிட்டது. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியை நிரப்பப் போவதில்லை என்றும் தெரிந்தது. இனி மனு போட்டால் மறுப்பதற்குக்கூட ஆள் இருக்காது. பூட்டை உடைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"உடைச்சா அது திறப்பு விழா ஆகாது தம்பி. மறுநாளே வெல்டிங் வச்சிடுவாங்க. நிரல்ல ஏறினாத்தான் அது நிக்கும்" என்றார்.

ஏற்றினார். தொழிலதிபர் ஒருவரைப் பிடித்து, பல்கலைக்கழகத்தின் கேட் ஒன்றைத் திறந்துவைக்க வேண்டும் என்று கேட்டு, ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டார். கேட்டின் அளவை அவர் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. பதிவாளருக்கு வாயெல்லாம் பல். தேதி, அக்கா ஓய்வு பெறும் அதே நாள். நேரம், மாலை ஐந்து. இருபத்துநாலு வருஷத்தில் அக்கா எந்த விழாவையும் பத்தரைக்குத் தவிர வேறு நேரத்துக்குத் தொடங்கியது கிடையாது. ஏன் ஐந்து என்று கேட்டேன். விருந்தினருக்கு அதுதான் தோது என்றார்.

முதல் நாள் ஒத்திகை. காவலாளி பூட்டில் சாவியைப் போட்டதும் வெண்ணெயாகத் திறந்தது. மாதம் ஒரு தரம் அக்கா அந்தப் பூட்டுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார், ஒன்பது வருஷமாக! கேட் ஒரு விரல் அகலம் அசைந்தது. வெளியே தங்கை எழுந்து நின்றுவிட்டாள்.

"போதும். பூட்டுங்க" என்றார் அக்கா.

"அக்கா, பூட்டு திறந்துதானே இருக்கு. ஒரு நிமிஷம் அவளை உள்ள விடுங்க. மேஜை அதோ இருக்கு" என்றேன்.

"இன்னைக்குத் திறந்தா நாளைக்கு எதைத் திறக்கிறது? திறந்த கேட்டுக்குத் திறப்பு விழாவா? கோப்பு செல்லாமப் போயிடும் தம்பி."

காவலாளி பூட்டினார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஒயரைச் சுருட்டி வீசினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தங்கை அக்காவையே பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள். அந்த நேரம் அக்காவை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு மனுஷி தன் கூடப்பிறந்தவளைவிடக் கோப்பைப் பெரிதாக நினைப்பாளா என்று இருந்தது. ஆனால் அவர் நிரல் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

மறுநாள் கேட்டின் உள்பக்கம் சின்ன மேடை. எதிரே நூற்றிருபது நாற்காலி, ஒன்றுகூட உடையாதது. கம்பியில் சிவப்பு ரிப்பன். வெளியே தெரு முழுக்கக் குளித்து உடுத்திக்கொண்டு காத்திருந்தது. தங்கை ஊன்றுகோலோடு முன்னால் நின்றாள். வரவேற்புரை தெரு நலச்சங்கச் செயலாளருடையது என்று நிரலில் இருந்ததால் அக்கா மைக் முன்னால் நின்றார். ஐந்து மணி அடித்தது. விருந்தினரைக் காணவில்லை. ஐந்து இரண்டுக்குப் பதிவாளரின் போன் அடித்தது. அவர் பேசப் பேச முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். தொழிலதிபர் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறார், ஆனால் முன்பக்கத்துப் பெரிய கேட்டுக்கு. அது அகலத் திறந்து கிடந்தது. பார்த்துவிட்டு, "எனக்கு முன்னாடியே திறந்துட்டாங்க போல. நல்லா இருக்கு, வாழ்த்துகள்" என்று சொல்லிக் காரைத் திருப்பிவிட்டார். அவருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதாம்.

பதிவாளர் மேடையோரம் வந்து கிசுகிசுத்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் கிசுகிசுப்பு தெருக்கோடி வரை கேட்டது.

"ஒத்திவச்சிடுங்கம்மா. வேற தேதி பாத்துக்கலாம்."

"ஒத்திவைக்கிறதுக்குப் படிவம் இருக்கு சார். நிகழ்ச்சி மேலாளர் கையெழுத்துப் போடணும்."

"அதான் போடுங்க."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி அஞ்சு நாலு சார். நிகழ்ச்சி மேலாளர் அஞ்சு மணிக்கே ஓய்வு பெற்றுட்டாங்க. இப்ப இந்தப் பல்கலைக்கழகத்துல அப்படி ஒருத்தர் இல்லை."

"அப்ப நீங்க யாரு?"

"நான் தெரு நலச்சங்கச் செயலாளர். முப்பத்தொரு மனு போட்டிருக்கேன்."

பதிவாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திவைக்கவும் முடியாது, நடத்தவும் ஆள் இல்லை. "விருந்தினர் இல்லாம எப்படிம்மா நடத்துறது?" என்று ஏறக்குறையக் கெஞ்சினார்.

அக்கா பேனாவை எடுத்தார். நிரலில் எழுதிய ஒரு எழுத்தைக்கூட அவர் அடித்து நான் பார்த்ததில்லை. தொழிலதிபரின் பெயரை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் ஒரு பெயரை எழுதினார். மைக்கில், "சிறப்பு விருந்தினர் வெளியே காத்திருக்காங்க" என்று சொல்லித் தங்கையைக் காட்டினார்.

"யாரு இவங்க? இவங்களுக்கு என்ன தகுதி?" என்றார் பதிவாளர்.

"ஒம்பது வாரமா தினமும் இந்தக் கேட் முன்னாடி வந்து உக்காந்திருக்கா சார். உங்க விருந்தினர் எவராவது இவ்வளவு முன்கூட்டி வந்திருக்காங்களா?"

தெருவில் விசில் பறந்தது. பதிவாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா மேஜையிலிருந்த பூங்கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கத்தரிக்கோல் வைத்த தட்டு கம்பிக்குள் நுழையவில்லை. கத்தரிக்கோலை மட்டும் நீட்டினோம். தங்கை வெளியிலிருந்தே கத்தரிக்கோல் முனையைக் கம்பிக்கு நடுவே விட்டு ரிப்பனை வெட்டினாள். பெரிய மனிதர்கள் ரிப்பனைக் கடித்துக் குதறுவதைத்தான் நான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரே வெட்டில் அது அறுந்தது அன்றைக்குத்தான். காவலாளி கேட்டைத் திறந்தார்.

அவள் ஊன்றுகோலை ஊன்றி உள்ளே வந்தாள். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கென்று போட்ட நாற்காலியைத் தாண்டி, பதிவாளரைத் தாண்டி, அந்த நாற்பது அடியையும் நடந்து நிலையத்துக்குள் போனாள். பிசியோதெரபிக்காரர் அன்றைக்கு மாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கூட்டத்தில் எவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

ஜன்னல் வழியாக ஓர் அலறல் வந்தது. வாழ்க்கையில் நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. ஒன்பது வாரமாக ஒருவரிடமும் முகம் கோணாத பெண், அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பதிவாளர் பூங்கொத்தோடு எழுந்தேவிட்டார். "என்ன சத்தம் அது? நிறுத்தச் சொல்லுங்க!"

அக்கா நிரலைப் பார்த்தார். பிறகு மைக்கை நெருங்கினார்.

"இப்போது சிறப்பு விருந்தினர் உரை. எல்லாரும் அமைதியா இருங்க."

அமைதியாக இருந்தோம். மறுபடி அலறல், அதைவிடப் பெரிதாக. நூற்றிருபது பேரும் கேட்டுக்கு வெளியே நின்ற தெருவும் கையைக் கட்டிக்கொண்டு அந்த உரையைக் கேட்டோம். சிரிப்பும் வரவில்லை, முகத்தைத் திருப்பவும் முடியவில்லை. பின்பு ஜன்னலில் பிசியோதெரபிக்காரரின் தலை தெரிந்தது. "அறுபத்திரண்டு!" என்று கத்தினார்.

கை தட்டினார்கள். பாதிப் பேருக்கு எது அறுபத்திரண்டு என்றே தெரியாது. அக்காவுக்குத் தெரியும். "நாற்காலி என்னோடதுடி" என்றார். ஜன்னல் வரை கேட்கட்டும் என்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உடஞ்சதுன்னு எனக்குத் தெரியும்டி, தெரிஞ்சேதான் எண்ணினேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

நான் மைக்கை அணைக்கவில்லை.